அவர் என்னைக் கூப்பிட்ட பொத்தான்

என் வீட்டுக்காரரின் குரலை நீங்கள் அழித்துவிட்டீர்கள். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். தெரியாமல் நடந்திருந்தால் நான் கேட்ட அன்றைக்கே பதறியிருப்பீர்கள். நீங்கள் பதறவில்லை. ‘உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டீர்கள்.

நீங்கள் என்று நான் சொல்வது, பேச முடியாதவர்களுக்காகப் பேசும் செயலி ஒன்றைச் செய்து உலகத்துக்கெல்லாம் கொடுக்கிற கம்பெனியை. பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள். நீங்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும், அது போதும். படிக்கிற மற்றவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு அழகாக எழுத வராது. ரவிக்கை தைக்க வரும். வந்த வரையில் எழுதுகிறேன்.

சேலையூரிலிருந்து மாடம்பாக்கம் போகிற ரோட்டில் என் தையல் கடை இருக்கிறது. ஒரு ஷட்டர், இரண்டு மிஷின், மேலே துணி மூட்டை வைக்க ஒரு பரண். அவர் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தார். இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற பிரிவு. அங்கே கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும். அந்தக் கத்தலை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவருவார். சாப்பாட்டில் உப்பு கேட்டால் எதிர் வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து பார்ப்பாள். “மெதுவா பேசித் தொலைங்க” என்று நான் சொல்லாத நாள் கிடையாது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் அவரைப் பெயர் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தான். அவருக்கு நான் ‘இந்தா’. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “இந்தா!” என்று ஒரு குரல் வரும். கூப்பிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். நான் உள்ளே இருக்கிறேனா என்று பார்ப்பதற்குத்தான் அந்த இந்தா. “இருக்கேன், எங்க போய்டப் போறேன்” என்பேன். அதோடு அவர் டி.வி. போட்டு உட்கார்ந்துவிடுவார்.

ஒரு காலையில் கம்பெனி பஸ்ஸுக்காகக் கேம்ப் ரோடு சிக்னலில் நின்றவர், நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். பக்கவாதம். அங்கே ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவன், வண்டியில் இருந்தவர்களை எல்லாம் இறக்கிவிட்டு இவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். அவன் பறந்ததால்தான் உயிர் தங்கியது. கை வந்தது, கால் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

எல்லாம் புரியும் அவருக்கு. யார் என்ன சொன்னாலும் புரியும், பழைய கதை அத்தனையும் ஞாபகம் இருக்கிறது, சீட்டு ஆடினால் இன்றைக்கும் அவர்தான் ஜெயிப்பார். சொல்ல நினைப்பது வாய்க்கு வராது. ‘த... த...’ என்று நின்றுவிடும். எழுதிக் காட்டச் சொன்னால் எழுத்தும் குழம்பிப் போகும். மூளையில் அந்த இடத்தில் அடிபட்டால் அப்படித்தான் ஆகும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் சொன்னார். சிட்டியில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார் அந்த அம்மா. வாரா வாரம் தாம்பரத்தில் ரயில் ஏறிப் போவோம்.

இவ்வளவு சத்தமாக இருந்த மனிதர் சத்தமில்லாமல் ஆனால் வீடு எப்படி இருக்கும் என்று யாரும் என்னைக் கேட்காதீர்கள். நான் மிக்சியைச் சும்மாவே ஓட்டியிருக்கிறேன்.

என்னிடம் ரவிக்கை தைக்கிற பெண் ஒருத்தி நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். எல்லாத் துணியும் நாளைக்கே வேண்டும் என்பாள், கொடுத்த பிறகு மாதக்கணக்கில் எடுக்க வர மாட்டாள். நல்ல பெண். இவர் கடையில் சைகை காட்டுவதையும், எனக்குப் புரியாமல் நான் கத்துவதையும் பார்த்துக்கொண்டு நின்றவள், மறுவாரம் தன்னுடைய பழைய டேப்லெட் ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. கையில் பிடித்துக்கொண்டு எங்கேயும் போகலாம்.

“அக்கா, வீட்ல சும்மாதான் கெடக்கு. அண்ணா யூஸ் பண்ணட்டும். இதுல பேச முடியாதவங்களுக்குன்னே ஒரு ஆப் இருக்கு.”

அந்த ஆப்தான் உங்களுடையது. திரையில் கட்டம் கட்டமாகப் பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம். டீ கிளாஸ் படம், பஸ் படம், தலைவலி படம். படத்தை அழுத்தினால் பேசும். பேச வேண்டியதை நம் குரலிலேயே பதிவு செய்து வைக்கலாம். முதலில் உள்ளே நுழையும்போது இங்கிலீஷில் என்னவோ கேட்டது. அவள் படித்துச் சொன்னாள்.

“நாம ரெக்கார்ட் பண்றதெல்லாம் அவங்க சர்வர்லயும் பத்திரமா இருக்குமாம்கா. டேப்லெட் ஒடஞ்சாக்கூட திருப்பி எடுத்துக்கலாமாம். ஓகே குடுக்கட்டா?”

“பத்திரமா இருக்கும்னா குடும்மா” என்றேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் என்று சொன்னவர்கள் நீங்கள்.

முதலில் நான்தான் பதிவு செய்தேன். கடையில் உட்கார்ந்து, தைத்துக்கொண்டே, ஒவ்வொன்றாக. ‘எனக்குத் தண்ணி வேணும்.’ ‘டீ குடுங்க, சர்க்கரை கம்மி.’ ‘தாம்பரம் ஸ்டேஷன் போகணும்.’ மறுநாள் அவர் அதை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அழுத்தினார். என் குரல் டீ கேட்டது. என் குரலுக்குப் பின்னால் என் தையல் மிஷின் கடகடவென்று ஓடியது. டீ போடுகிறவன் டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னாண்ணா, அண்ணிய உள்ள ஒக்கார வெச்சி இட்டாந்துகினு கீறியா?” என்று கேட்டிருக்கிறான். கடையே சிரித்திருக்கிறது. இவரும் சிரித்துக்கொண்டுதான் வந்தார். கோபம் வந்தது ஷேர் ஆட்டோ தம்பிக்கு.

“இன்னாக்கா, எங்கண்ணன இப்டி பண்ணிட்ட? எப்பேர்ப்பட்ட கொரலு அவருது. பொம்பள கொரல்ல டீ கேட்டுகினு நிக்கிறாரு. ஸ்டாண்டுல எனக்கு மானம் போவுது.”

“சிரிக்கிறவன் வாய ஊசி போட்டு தச்சிடுவேன்னு போய் சொல்லு. வேற யாரு குரல் குடுப்பா? நீ குடுப்பியா?”

“குட்றேன். கொண்டா அந்தப் பொட்டிய.”

அன்றிலிருந்து அதற்குப் பெயர் பொட்டி. தம்பி அதை ஸ்டாண்டுக்கு எடுத்துப் போய், சவாரி இல்லாத மத்தியான நேரத்தில் எல்லாப் பொத்தானிலும் தன் குரலைப் போட்டுக் கொடுத்தான். நான் எழுதிக் கொடுத்தது ஒன்று, அவன் பேசியது வேறு. ‘எனக்குப் பசிக்கிறது’ என்று நான் சொல்லியிருந்தேன். பொட்டி, “பசி காத அடைக்குது, இன்னா கீது?” என்று கேட்டது. பின்னாலேயே யாரோ “கேம்ப் ரோடு, சேலையூர், மாடம்பாக்கோம்” என்று கூவினார்கள். ஹாரன் அடித்தது. நான் கேட்காத பொத்தான்களையும் அவன் சேர்த்திருந்தான். “பேஜார் பண்ணாத, போ அந்தாண்ட” என்று ஒன்று. என் அண்ணன் வந்து உட்கார்ந்து சொத்துப் பேச்சு எடுத்தபோது இவர் அதைத்தான் அழுத்தினார். அண்ணன் எழுந்து போனவர் தீபாவளிக்குத்தான் வந்தார். அந்தப் பொத்தானுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்குப் பிரதோஷத்துக்குப் போனோம். குருக்கள் தட்டை நீட்டி, யார் பெயருக்கு அர்ச்சனை என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பொட்டியை உயர்த்திவிட்டார். “சாமீ, சீக்கிரம் அர்ச்சன பண்ணு, வண்டி நிக்குது!” கூடவே ஹாரன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. குருக்கள் அசரவில்லை. “வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லுங்கோ, ஈஸ்வரனுக்கு அவசரம் ஒண்ணுமில்ல” என்றார். இவர் சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு மட்டும் பழைய சத்தத்திலேயே இருந்தது. அதைக் கேட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது! நான் தூணோரம் போய் நின்றுகொண்டேன்.

இப்படித்தான் அவர் மறுபடியும் வெளியே போகத் தொடங்கினார். ரவிக்கை லைனிங் துணியில் நான் ஒரு பை தைத்தேன். முன்பக்கம் கண்ணாடிப் பிளாஸ்டிக். மழையிலும் வெளியே எடுக்காமல் அழுத்தலாம். கண்டக்டர் பை மாதிரி தோளில் குறுக்காக மாட்டிக்கொள்வார். வெயிலில் திரை தெரியாது, துண்டால் மூடிக்கொண்டு தலையை உள்ளே விட்டுத் தேடுவார். ரயிலில் சத்தம் போதாது, எதிரில் இருப்பவர் காதருகே கொண்டுபோய் அழுத்துவார். சிலர் பயந்து நகர்ந்து உட்கார்வார்கள். பாட்டரி தீர்ந்துவிட்டால் அவ்வளவுதான், பாதி ரோட்டில் மறுபடியும் ஊமை. அதனால் காய்கறிக் கடை, மருந்துக் கடை, டீக்கடை எல்லா இடத்திலும் சார்ஜ் போட ஆள் பிடித்து வைத்திருந்தார். தனியாக மார்க்கெட் போய்க் கீரை வாங்கிக்கொண்டு வந்தார். வாடிய கீரைதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாதது அதுதான் முதல் தடவை.

ஒரே ஒரு குறை. என்னைக் கூப்பிட ஒரு பொத்தான் வேண்டும். என் போட்டோவை ஒட்டி ஒரு கட்டம் இருந்தது. அதில் தம்பி பதிவு செய்திருந்தது “யக்கா!”

அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். அதையே போட்டுவிட்டான். தாம்பரம் மார்க்கெட்டில் நான் தக்காளி பொறுக்கிக்கொண்டு இருக்கிறேன். பின்னால் வாழைப்பழ வண்டி பக்கத்திலிருந்து “யக்கா! யக்கா!” என்று வருகிறது. தக்காளி விற்கிற அம்மா எட்டிப் பார்த்தாள்.

“ஏம்மா, அது உன் வூட்டுக்காரருதானே? இன்னாத்துக்கு அக்கான்னு கூப்ட்றாரு?”

“ரொம்ப மரியாத தெரிஞ்சவரு” என்றேன். எரிச்சலாக வந்தது. நேராக ஸ்டாண்டுக்குப் போனேன்.

“இந்தான்னு ஒரு வாட்டி சொல்லுடா. சொல்லிட்டு சவாரிக்கு போ.”

தம்பி காதைப் பொத்திக்கொண்டான். “அய்யய்யோ, என்னால ஆவாதுக்கா. உன்னப் பாத்து நான் எப்டி இந்தான்னு சொல்லுவேன்? அது அண்ணன் கூப்ட்றது. பொண்டாட்டிய கூப்ட்ற கூப்பாடு அது.”

“என்னப் பாத்து சொல்லாத. பொட்டியப் பாத்து சொல்லு.”

“பொட்டிக்குள்ள நீதானக்கா கீற, போட்டோல மொறச்சிகினு.”

ஸ்டாண்டில் இருந்த மற்றவர்களைக் கேட்டேன். ஒருத்தன் டயரைப் பார்த்தான், ஒருத்தன் வானத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தால் ஊரைத் திட்டுகிறவர்கள், ஒரு இந்தா சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. “நீ கத்திரிக்கோலு வெச்சிகினு கீற, எவன்க்கா வருவான்?” என்றான் தம்பி. வீட்டுக்கு வந்து நானே என் குரலில் இந்தா என்று பதிவு செய்தேன். இவர் அதைக் கேட்டார். தலையை ஆட்டினார். அழித்துவிட்டார்.

அந்தக் கட்டத்தைக் காலியாக வைத்துக்கொண்டார். சிவப்பு நிறம் கொடுத்தார். தினமும் ஏதாவது ஒரு சொல்லை முயற்சி செய்யுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நிறையப் பழகிய சொல்லாக இருந்தால் ஒருநாள் தானாக வரலாம் என்றார். இவர் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கடை திறந்ததும் மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்வார். பதிவு ஓடுவதற்குச் சிவப்புக் கட்டத்தை அழுத்துவார். வாயைக் குவிப்பார், விரிப்பார். ‘த... த...’ நிறுத்திவிடுவார். அழிப்பார். மறுபடி அழுத்துவார். நான் பார்த்தால் கூச்சப்படுவார் என்று முதுகைக் காட்டிக்கொண்டு மிஷினை வேகமாக ஓட்டுவேன். அந்த நேரத்தில் நான் தைத்த தையல் எல்லாம் கோணல். பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறேன்.

ஒரு நாள் நாவலூர்ப் பெண்ணின் பட்டு ரவிக்கை மேலே பரணில் மூட்டைக்குள் மாட்டிக்கொண்டது. அவருடைய ஸ்டூலையே வாங்கிப் போட்டு அதன்மேல் ஏறினேன். பிளாஸ்டிக் ஸ்டூல். எக்கி மூட்டையை இழுத்துக்கொண்டு இருக்கிறேன். அவர் கீழே நின்றபடி வழக்கம்போலச் சிவப்புக் கட்டத்தை அழுத்திக்கொண்டு வாயைக் குவித்துக்கொண்டு இருக்கிறார். ஸ்டூலின் ஒரு கால் விரிந்ததை நான் பார்க்கவில்லை.

“இந்தா!”

பழைய குரல். எதிர் வீட்டு ஜன்னல் திறக்கிற குரல். நான் மூட்டையை விட்டுவிட்டுப் பரணைப் பிடித்தேன். ஸ்டூல் கால் வெடித்து ஒரு பக்கமாகப் போனது. அவர் ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்து இறக்கினார். இறங்கின வேகத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. “எதுக்கு இப்டி கத்துறீங்க, மெதுவா கூப்...” என்று ஆரம்பித்தேன்.

அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் மறுபடி வாயைத் திறந்தார். ‘த...’ என்றுதான் வந்தது. முகம் சுருங்கிப்போனது. அப்புறம் மெதுவாகப் பெட்டியைப் பார்த்தார். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தினார். அழுத்தினார்.

“இந்தா!” என்றது பொட்டி. அவர் குரலில்.

அதன் பின்னால் ஸ்டூல் உடைகிற சத்தமும், நான் கத்துகிற சத்தமும் இருந்தன. நாவலூர்ப் பெண் துணி வாங்க வந்தபோது முன்னும் பின்னும் வெட்டி, ஒரு சொல்லை மட்டும் நிறுத்திக் கொடுத்தாள். வெட்டும்போது அவளுக்குக் கண் கலங்கியது. ரவிக்கை தயாராகவில்லை என்று அன்றைக்கு அவள் சண்டை போடவே இல்லை.

அதற்குப் பிறகு அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை. பயந்தால் சில சமயம் அப்படி ஒரு சொல் தெறித்து வரும், கூப்பிட்டால் வராது என்றார் டீச்சர். வராவிட்டால் போகிறது, எங்களிடம் ஒன்று இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது “இந்தா!” நான் குளித்துக்கொண்டிருந்தால் “இந்தா!” தாம்பரம் ஸ்டேஷன் நடைபாலத்தில் ஒருமுறை கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது. எனக்கு அவர் தலை தெரியவில்லை. படியில் இடித்துத் தள்ளிக்கொண்டு திரும்புகிறேன், பாலத்துக்கு மேலேயிருந்து “இந்தா! இந்தா!” பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். என்னோடு கூட நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் எந்த வீட்டிலோ இந்தாதான். ஒரு அம்மா, “எங்க வூட்டுக்காரருன்னு நென்ச்சேன்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். “இது என்னோடது” என்றேன். எனக்கே வெட்கமாகப் போனது.

இதைத்தான் நீங்கள் அழித்தீர்கள்.

ஒரு காலையில் பொட்டியைத் திறந்தால் எல்லாம் மாறியிருந்தது. நாங்கள் எதையும் தொடவில்லை. அதுவாகவே புதுப்பித்துக்கொண்டதாம். புது நிறம், புது எழுத்து, நடுவில் ஒரு பூங்கொத்துப் படம். ‘புதிய அனுபவத்துக்கு வரவேற்கிறோம்.’ டீ கிளாஸை அழுத்தினார். ஒரு பெண் குரல், “வணக்கம். நான் தேநீர் அருந்த விரும்புகிறேன்” என்றது. மிஷினில் செய்த குரல். யாருடைய குரலும் கிடையாது. அவர் சிவப்புக் கட்டத்தைத் தேடினார். என் போட்டோவும் இல்லை, சிவப்பும் இல்லை. பக்கம் பக்கமாகத் தள்ளித் தேடினார். என்னிடம் கொடுத்தார். நான் தேடினேன். கடை திறக்க நேரமாகிவிட்டது. இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து அதையே தேய்த்துக்கொண்டு இருந்தோம்.

தம்பி விஷயம் கேட்டு வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். “கவலப்படாதக்கா, அத்தினியும் திரும்பப் பேசித் தர்றேன்.” பேசிக் கொடுத்தான். பசி காதை அடைத்தது, வண்டி நின்றது, பேஜார் பண்ணாதே என்றது. எல்லாம் திரும்பி வந்தது, ஒன்றைத் தவிர. நாவலூர்ப் பெண்ணிடமும் வெட்டிய பிரதி இல்லை. “இதுலயே இருக்கு, சர்வர்லயும் இருக்குன்னு விட்டுட்டேன்கா” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளைத் திட்டினேனா என்று கேட்காதீர்கள். அவளை எதற்குத் திட்ட வேண்டும்? பத்திரமாக இருக்கும் என்று சொன்னது அவளா?

புது ஆப்பில் எழுத்து அடித்தால் பேசும். ‘இந்தா’ என்று அடித்துப் பார்த்தேன். “இந்தா” என்றது அந்தப் பெண். ரயில் நிலையத்தில் அறிவிப்பதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல். இவர் என் கையிலிருந்து பெட்டியை வாங்கி அதை அழித்தார். பிறகு பையில் போட்டு ஆணியில் மாட்டினார். சில நாள் அதை எடுக்கவே இல்லை. மார்க்கெட்டுக்கும் போகவில்லை. டீக்கடைக்காரன் என்னைக் கூப்பிட்டு, “அண்ணன் ஏன் வர்றதில்ல, எம்மேல கோவமா?” என்று கேட்டான்.

உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். அந்தப் பெண் இங்கிலீஷில் எழுதினாள். நான் பக்கத்தில் நின்று, இன்னும் காரமாகப் போடு என்றேன். ‘தொடர்பு கொண்டதற்கு நன்றி’ என்று வந்தது. திரும்ப எழுதினோம். ‘புதிய வசதிகளைப் பயன்படுத்திப் பாருங்கள்’ என்று வந்தது. திரும்ப எழுதினோம். ‘உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்.’ ஒரு பதிலிலும் இந்தா என்ற சொல் இல்லை. நாங்கள் கேட்டது அதை மட்டும்தான்.

ஆப் இறக்குகிற இடத்தில் எல்லோரும் கருத்து எழுதுகிறார்களே, அங்கே போய் எழுதினேன். தமிழில், என் கையாலேயே. அதே பக்கத்தில் ‘அருமை’ என்று எழுதியவர்களுக்கெல்லாம் நீங்கள் பூப்போட்டு நன்றி சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு மட்டும், ‘தயவுசெய்து தனியாகத் தொடர்பு கொள்ளுங்கள்.’ தனியாக வந்தால் என்ன கிடைக்கும் என்றுதான் பார்த்துவிட்டேனே. என் எழுத்துக்குக் கீழே வேறு சிலர் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி தன் மகன் குரலைத் தேடுகிறாள். ஒருவர் தன் அம்மாவுக்காக எழுதியிருக்கிறார். எல்லோரையும் தனியாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

இப்போது காலையில் கடை திறந்ததும் அவர் மறுபடியும் மூலையில் உட்கார்கிறார். புது ஸ்டூல், மரம். புது ஆப்பிலும் ஒரு கட்டத்துக்குச் சிவப்புக் கொடுத்திருக்கிறார். அழுத்துகிறார், வாயைக் குவிக்கிறார், ‘த... த...’ அழிக்கிறார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு மிஷினை ஓட்டுகிறேன். போன வாரம் அவருக்குத் தெரியாமல் உடைந்த பழைய ஸ்டூலை எடுத்துப் பார்த்தேன். அதில் ஏறி நின்றால் பயந்து இன்னொரு முறை கத்துவாரோ என்று. ஏறப் போனேன். அவர் கடைச் சுவரில் மாட்டிய கண்ணாடியில் பார்த்துவிட்டார். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டூலைத் தூக்கிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்தார்.

ஆகவே நான் ஸ்டூலில் ஏற மாட்டேன். உங்களிடம்தான் கேட்பேன்.

அந்த ஒரு சொல் உங்கள் சர்வரில் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் திருப்பிக் கொடுங்கள். இல்லை என்றால், பத்திரமாக இருக்கும் என்று எழுதி ஓகே வாங்கியதை ஏன் அழித்தீர்கள், யார் அழிக்கச் சொன்னார்கள் என்று சொல்லுங்கள். தனியாகச் சொல்லாதீர்கள். எனக்கு மின்னஞ்சல் வேண்டாம். அந்தக் கருத்துப் பக்கத்தில், என் எழுத்துக்குக் கீழேயே, மகன் குரலைத் தேடுகிறவளும் அம்மாவுக்காக எழுதியவரும் பார்க்கிற இடத்தில், தமிழில் எழுதுங்கள். நான் தினமும் கடை திறந்ததும் அதைத்தான் முதலில் திறந்து பார்க்கிறேன். அவரும் பக்கத்தில் நின்று பார்க்கிறார். பதில் சொல்லுங்கள்.